வடித்தால் மிஞ்சுவது

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றார்கள். பெயர் வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டாள். துடைப்பம் வாங்கப் போனால் கடையில் இருக்கும் அத்தனை துடைப்பத்தையும் தரையில் இழுத்துப் பார்த்த பிறகே ஒன்றை எடுப்பாள். அவள் வந்துபோன நாளில் கடைக்காரர் கடையைத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் அவள் ஏற்றுக்கொண்டது கணவரை மட்டும்தான் என்பது உறவினர்களின் கருத்து. கணவருக்கு அதிலும் சந்தேகம் உண்டு. அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்.

"நாங்க கஸ்டமருக்கு ரெண்டு லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேப்போம்ல, கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் இவ என்னைய அப்படித்தான் பாக்கறா. அந்த இன்னொரு லென்ஸ் யாருன்னுதான் தெரியல" என்பார்.

ஒப்பிடுவதுதான் நியாயத்தின் தொடக்கம் என்று சொல்லலாம். முடிவெடுக்காமல் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடமும் இல்லை. அவளிடம் இரண்டும் இருந்தன. எது எத்தனை பங்கு என்று அவளே நிறுத்துப் பார்த்ததில்லை.

அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்கு லிஃப்டுகள் பேசுவதைக் கேட்பதுதான் தொழில். நகரத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் ஓடும் லிஃப்டுகள் நாள் முழுவதும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தது, கதவு மூடியது, நாலாம் மாடி வந்தேன், கீழே போகிறேன் என்று ஓயாத புலம்பல். அந்தப் புலம்பலுக்கு நடுவே எப்போதாவது ஒரு செய்தி வரும்: உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார். வேண்டாததை எல்லாம் ஒதுக்கி அந்த ஒன்றைப் பிடித்து மெக்கானிக்கின் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்யும் நிரலை எப்போதோ ஒருவர் எழுதிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். சாதாரண நாளில் அது ஒழுங்காகவே ஓடும். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதுதான் வினை. எல்லா லிஃப்டும் ஒரே மூச்சில் வாயைத் திறக்கும். பழைய நிரலோ ஒரே ஒரு ஜன்னல் உள்ள டிக்கெட் கவுண்டர் மாதிரி. உள்ளே மாட்டிக்கொண்டவரின் அலறல், நூறு 'கதவு மூடியது'களுக்குப் பின்னால் வரிசையில் அடக்கமாக நின்றுகொண்டிருக்கும்.

ஒரு முறை ஒரு பல் டாக்டர் அப்படி வெகுநேரம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்தவர் நேராக இவர்கள் அலுவலகத்துக்கே வந்து, மேலாளரை வாயைத் திறக்கச் சொல்லாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார்.

மேலாளர் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், இதை நாமளே திருப்பி எழுத வேணாம். வெளிய ரெடியா ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்காம். நாலு பேர் குடுத்திருக்காங்க. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்து ஒண்ணு சொல்லுங்க. திங்கக்கிழமை மீட்டிங். உங்களைவிட நியாயமா சொல்ல வேற யாரு இருக்கா?"

லைப்ரரி என்றால் இவர்கள் தொழிலில் புத்தகம் அடுக்கிய இடம் இல்லை. யாரோ எழுதி வைத்த நிரல் துண்டு. எடுத்து நம் நிரலோடு ஒட்டிக்கொண்டால் ஒரு வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், எழுதியவரைத் திட்டவும் செய்யலாம். இது அவளுடைய நாத்தனாருக்குக் கடைசிவரை புரியவில்லை. அண்ணி லைப்ரரியில் இருக்கிறாள் என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்து, பார்க்கும்போதெல்லாம் தையல் புத்தகம் இருந்தால் கொண்டுவரச் சொல்வாள்.

மேலாளர் கொடுத்த தாளில் நாலு பெயர்கள். முதல் மூன்றும் அவளுக்குக் கேள்விப்பட்ட பெயர்கள். நாலாவதைப் பார்த்ததும் காதுமடல் சுட்டது. கொசுவலை.

"இது யாரு குடுத்தது சார்?" என்றாள், தண்ணீர் குடித்துக்கொண்டே.

"உங்க எதிர்மேசை ஆட்சேபணைதான். ரொம்ப நாளா அதை வச்சு ஏதோ பண்ணிட்டிருக்காராம். எழுதினவன் யாருன்னே தெரியாதாம், ஆனா புரோகிராம்ல வர்ற சொல்லெல்லாம் தமிழாம். வடி, பிடி, நில், ஓடுன்னு."

எழுதினவன் இல்லை, எழுதினவள். அது அவள்தான்.

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், பகலில் கிடைத்த ஓய்வில் எழுதியது. காற்றை விட்டு, கொசுவை நிறுத்துவதால் கொசுவலை. மூணாம்மாடி என்ற புனைபெயரில் வெளியிட்டாள். பேர் போடாததற்குக் காரணம் அடக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். எங்கெங்கோ இருந்த தமிழ் மாணவர்கள் கொஞ்சம் பேர் பழகிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உண்மையான வேலைக்கு, உண்மையான ஓர் இடத்தில், யாரும் அதை மாட்டியதில்லை. ஒரே ஒரு முறை அப்படி நடந்துவிட வேண்டும் என்ற ஆசையைக் கணவரிடம்கூட அவள் முழுசாகச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். கொசுவலையைச் சின்னவன் என்றுதான் வீட்டில் சொல்வார்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அட! சின்னவன் போட்டியில இருக்கான், அம்மா ஜட்ஜா? அப்புறம் என்ன, கோப்பையை இப்பவே துடைச்சு வைக்கட்டுமா?"

"விளையாடாதீங்க. என்னோடதுன்னு சொன்னா, நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. சொல்லாம நல்ல மார்க் போட்டா அது மோசடி."

"சொல்லிடேன்."

"சொன்னா? இத்தனை வருஷமா தராசு தராசுன்னு பேர் வாங்கிட்டு, கடைசியில தான் பெத்ததையே தட்டுல வச்சு ஏந்திட்டு வந்திருக்கான்னு பேசுவாங்க."

"அப்ப சொல்லாதே."

"நீங்க எந்தப் பக்கம்?"

"பசிக்குது. அந்தப் பக்கம்" என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் ஒப்பீட்டைத் தொடங்கினாள். போன முறை மின்சாரம் திரும்பியபோது லிஃப்டுகள் கொட்டிய செய்திகளை அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தை ஒவ்வொரு லைப்ரரியின் தலையிலும் ஊற்றிப் பார்த்தாள். வேண்டாததை ஒதுக்குகிறதா, ஒரே நேரத்தில் பல ஜன்னலைத் திறந்து வேலை பார்க்கும்போது ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

முதலாவதற்குக் கூட்டுக் குடும்பம் என்று பெயர் வைத்தாள். அதைப் பராமரிப்பவர்கள் ஊருப்பட்ட பேர். ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள், பதினோராவது ஆள் வந்து இந்தக் கேள்வியை இங்கே கேட்கக் கூடாது என்பார். நிதானமாக வேலை செய்தது. ஒரு செய்தியைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டாவது பந்தயக் குதிரை. கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. ஆனால் ஒரே செய்தியை இரண்டு ஜன்னல்கள் பிடித்துக்கொண்டு, ஒரே லிஃப்டுக்கு இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பியது. அதைச் சுட்டிக்காட்டியவர்களை எழுதியவர் பொதுவெளியில் முட்டாள் என்று திட்டியிருந்தார். மூன்றாவதன் இணையதளம் பார்க்கப் பார்க்க அழகு. உள்ளே போனால் பாதிக் கதவுகளில் 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

நாலாவது ஓடியபோது அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். பரீட்சை எழுதும் பிள்ளையை முறைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? திரும்பி வந்து பார்த்தால், கூட்டுக் குடும்பத்தைவிட வேகம். தவறவிட்டது எதுவும் இல்லை.

அங்கேதான் தராசின் முள் ஆடத் தொடங்கியது. வேகத்துக்கு இத்தனை மார்க், பாதுகாப்புக்கு இத்தனை, விளக்கக் குறிப்புக்கு இத்தனை என்று பங்கு பிரிக்க வேண்டும். எப்படிப் பிரித்தாலும் கூட்டுக் குடும்பம் முதலாகவும் கொசுவலை இரண்டாவதாகவும் வந்தன. பங்கைக் கொஞ்சம் மாற்றினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் வந்து நின்ற கணவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன பத்தி? 'எழுதியவரின் பண்பு'?"

"அந்த ரெண்டாவது ஆள் எல்லாரையும் திட்றான். அது முக்கியம் இல்லையா?"

"அதுக்கு இருபது மார்க்கா? லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவன், எழுதினவங்க குணமான பொம்பளையான்னு கேட்டுட்டா வெளிய வருவான்?"

அவள் அந்தப் பத்தியை அழித்தாள். வெட்கம் வந்தது, வெட்கத்தோடு கோபமும். கோபம் வந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். ஆள் ஒருத்தி, பராமரிக்க வேறு நாதியில்லை, கழி. பயன்படுத்துகிறவர்கள் குறைவு, கழி. பெயரே ஒரு மாதிரி, அதற்கும் கழி. முடிவில் கொசுவலை நாலாவது இடத்தில், 'விரைவில்' என்று எழுதிய கதவுகளுக்கும் கீழே கிடந்தது.

"என்னம்மா இது, இப்பதான ரெண்டாவதா இருந்தான்?"

"என்னோடதுங்கறதால சலுகை காட்டக் கூடாதுல்ல."

"அதுக்காகக் காலை உடைச்சா விடுவே? கள்ளத் தராசு இந்தப் பக்கம் சாஞ்சாலும் கள்ளத் தராசுதான், அந்தப் பக்கம் சாஞ்சாலும் கள்ளத் தராசுதான்."

சொந்தப் பிள்ளையை ஊர் பார்க்க அடிக்கிறவர்களுக்கு நேர்மையானவர்கள் என்று பெயர் கிடைத்துவிடுகிறது. அந்த அடியில் எத்தனை பங்கு பிள்ளைக்காக, எத்தனை பங்கு ஊருக்காக என்று யாரும் கேட்பதில்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை, கணவரைத் தவிர. அவரும் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் அறிக்கையைப் படித்தாள். கொசுவலை நாலாவது என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்மேசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு ஒரு ஆட்சேபணை."

அந்த மனிதருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஐம்பதை ஒட்டிய வயது, எப்போதும் இரண்டு பேனா, எதற்கும் ஒரு மறுப்பு. டீ வந்தால் சீக்கிரம் வந்துவிட்டது என்பார். பிந்தினால் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை என்பார், ஆனால் சொல்லுவார்.

"மேடம் நியாயமாதான் பாப்பாங்க. ஆனா இதுல என்னமோ நடந்திருக்கு. 'பெயர் பொருத்தமில்லை'ன்னு மார்க் குறைச்சிருக்காங்க. கொசுவலைக்கு என்ன குறை? நான் ஒரு வருஷமா அதோட மல்லுக்கட்டிட்டிருக்கேன். அதுல ஒரே ஒரு கோளாறுதான். எழுதினவன் தலைக்கனம் பிடிச்சவன். மத்தபடி இந்த நாலுல அதான் சுத்தமான வேலை."

தலைக்கனம் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. சுத்தமான வேலை என்றதும் உள்ளே ஏதோ இளகியது. இரண்டையும் முகத்தில் காட்டாமல் இருப்பதற்காகத் தாளைப் புரட்டினாள். அது கடைசித் தாள்.

"சரி, சண்டை வேணாம்" என்றார் மேலாளர். "முதல்ல வந்ததை அப்புறம் பாப்போம். நாலாவதை நம்ம பில்டிங் லிஃப்ட்டுக்கும் இந்தத் தெருவுல இருக்கற மத்த லிஃப்ட்டுக்கும் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்க. ஆட்சேபணை, நீங்களே மாட்டுங்க."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "ஏசி ரொம்பக் குளுரா இருக்கு" என்றாள்.

இங்கே வடி என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொசுவலையில் வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கும் கட்டளைக்கு அவள் வைத்த பெயர் அது. அவள் டீ பிரியை. வடி என்றால் அவளுக்கு டீ வடிகட்டுவது. எதைச் சொல்லி வடி என்கிறோமோ, அது கோப்பையில் வந்து விழ வேண்டும். சில மாதங்களுக்கு முன் பல்வலி என்ற புனைபெயரில் ஒருவர் கொசுவலையின் பொதுப்பலகையில் எழுதினார்:

'ஐயா, வேண்டாத செய்திகளை வடி என்றேன். உங்கள் நிரல் வேண்டாதவற்றை மட்டும் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டது. உங்கள் வீட்டில் சோறு வடித்தால் கஞ்சியைத் தட்டில் ஊற்றிக்கொண்டு சோற்றைச் சாக்கடையில் போடுவீர்களா?'

அவள் பதில் எழுதினாள்: 'ஐயா, உங்கள் வீட்டில் டீ வடிகட்டினால் தூளை அள்ளித் தின்பீர்களா?'

அதற்குப் பிறகு இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பல்வலி மாதந்தோறும் எழுதுவார். மூணாம்மாடி மாதந்தோறும் மறுப்பாள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பதுதான் அந்தச் சண்டையின் தொல்லை.

மீட்டிங் முடிந்த அன்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். இனி அது உண்மையான லிஃப்டில் ஓடப்போகிறது. வேண்டாததைச் சொல்லி வடிப்பது ஆட்சேபணை போன்றவர்களுக்கு இயல்பாக வரும் என்றால், தன் பிடிவாதத்தால் ஒரு மனிதர் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. அந்தப் பல்வலி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நியாயம் என்று பட்டதும் தாமதிப்பானேன்? வடியைத் தலைகீழாக்கினாள். இனி எதைச் சொல்லி வடி என்கிறோமோ அது கொட்டப்படும். மிஞ்சுவது கைக்கு வரும். பலகையில் 'பல்வலி அவர்கள் சொன்னதே சரி' என்று ஒரு வரி எழுதிவிட்டு, பெரிய மனசு காட்டிய களைப்போடு எழுந்தாள்.

மறுநாள் காலை ஆட்சேபணை லைப்ரரியின் புதிய பதிப்பு தானாக இறங்கும்படி அமைத்து மாட்டி முடித்தார். பலகையைப் படிக்கவில்லை, அங்கே படித்துப் படித்துத்தான் அவருக்கு ரத்தக்கொதிப்பு. பழைய நிரலை இந்தத் தெருவுக்கு மட்டும் அணைத்துவைத்தார். திரை அமைதியாக இருந்தது.

"பாத்தீங்களா மேடம், ஒரு அலறல் இல்லை."

"கொஞ்சம் ரொம்ப அமைதியா இல்ல?"

"நல்லா ஓடினா உங்களுக்குப் பிடிக்காதே."

மேலாளர் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பினார். கைபேசி மேசையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததை மறந்து லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் ஓர் அடி இறங்கி, ஏதோ ஞாபகம் வந்தாற்போல நின்றுவிட்டது. அவர் அபாயப் பொத்தானை அழுத்தினார். தன்னுடைய நிறுவனத்தின் பொத்தான் என்ற நம்பிக்கையோடு அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து நம்பிக்கை இல்லாமல் அழுத்தினார்.

மாடியில் திரை சாந்தமாகவே இருந்தது. அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னது மெக்கானிக். படியேறி மூச்சிரைக்க வந்தவர் கைபேசியை நீட்டினார்.

"என்ன சார் இது? காலையிலேருந்து கதவு தொறந்துச்சு, கதவு மூடிச்சு, ரெண்டாவது மாடி வந்துச்சுன்னு கதை கதையா அனுப்பறீங்க? என் வீட்டுக்காரிகூட இவ்ளோ மெசேஜ் போட்டதில்லை. அப்புறம் உங்க லிஃப்ட்டுல யாரோ இருக்காங்க போல, ஏறி வரும்போது தட்ற சத்தம் கேட்டுது."

மூவரும் நடைக்கு ஓடினார்கள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மேலாளரின் குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? நான்தான்யா!"

"சார், இருக்கோம் சார்! பயப்படாதீங்க!"

"பயமெல்லாம் இல்லை. பொத்தான் அழுத்தினேனே, வரலையா?"

மெக்கானிக் மொட்டை மாடி எந்திர அறைக்குப் படியேறினார். கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைக் கீழே இறக்க வேண்டும். பிடிக்கும் நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்சேபணை மடிக்கணினியை நடையிலேயே, தரையில் வைத்துத் திறந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாததைக் குடுக்குது, ஆபத்தைக் கொட்டிடுது" என்றார் அவர். "எப்படி? நான்தான் முன்னாடியே 'இல்லை' போட்டேனே!"

"என்ன இல்லை?"

"இந்த ஆளோட வடி தலைகீழா வேலை செய்யும் மேடம். எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், திருந்தறதா இல்லை. சரி, பெரியவன் நான்தான் விட்டுக்கொடுப்போம்னு, என் பக்கத்துல ஒரு 'இல்லை' சேத்துட்டேன். 'வேண்டாதது இல்லாததை வடி'ன்னு எழுதினேன். அவன் தலைகீழு, நான் ஒரு தலைகீழு, ரெண்டும் சேந்து நேராயிடும்ல?"

"ஐயோ" என்றாள் அவள். "அந்த வடியைத்தான் நேத்தே நேரா மாத்திட்டேனே!"

தமிழில் இதுதான் ஆபத்து. வினைச்சொல்லின் வாலில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மாத்திட்டாங்களாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஒரு 'ஏன்' விகுதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஆட்சேபணை மெதுவாகத் திரும்பினார். "மாத்திட்டேனா?"

"மாத்திட்டாங்கன்னு..."

"இல்ல, மாத்திட்டேன்னீங்க."

"யாரு மாத்தினது?" என்றது கதவுக்குள்ளிருந்து குரல். "சத்தமா பேசுங்க, எனக்குக் கேக்கல."

"நீங்களா?" ஆட்சேபணையின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. "அந்த மூணாம்மாடி நீங்களா? 'தூளை அள்ளித் தின்பீர்களா'ன்னு எழுதினது நீங்களா?"

"நீங்க எதுக்கு அதைச் சொல்றீங்க? அது பல்வலிக்கு எழுதின..." பாதியில் நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சோத்தைச் சாக்கடையில போடுவீங்களான்னு கேட்டது யாரு?"

"அன்னிக்கு எனக்கு நிஜமாவே பல் வலி" என்றார் அவர்.

இரண்டு அடி இடைவெளியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் ஊர்பேர் தெரியாத மடையன் என்று நினைத்து மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் இருவரும் அடுத்தடுத்துத் திருந்தி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டுக்கொடுத்ததில்தான் மேலாளரின் அழைப்பு யாருக்கும் எட்டவில்லை. ஒருவராவது பிடிவாதமாகவே இருந்திருந்தால் இந்நேரம் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்திருப்பார். நல்ல எண்ணம் கேட்காமல் வந்தால் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது.

"மேடம்" என்றது கதவு. "எனக்கு இப்ப எல்லாம் நல்லாவே கேட்டுது. கொசுவலை எழுதினது நீங்க. நாலாவது இடம் குடுத்ததும் நீங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

அவள் எழுந்து கதவருகே போனாள். முகம் தெரியாத கதவிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"முதல்ல அதை ஜெயிக்க வைக்கத்தான் சார் மார்க்கை மாத்தி மாத்திப் பாத்தேன். வீட்டுல பிடிச்சுட்டாங்க. அப்புறம் அந்த வெக்கத்துல கீழ தள்ளிட்டேன். ரெண்டு கணக்கும் தப்பு. நான் இதுல தீர்ப்பு சொல்லியிருக்கவே கூடாது."

"அதை அப்புறம் பாப்போம். எப்படியும் நான் எங்கயும் போகப் போறதில்லை. மீட்டிங்கை இங்கயே வச்சுக்குவோம். இப்ப உண்மையா சொல்லுங்க. ஆட்சேபணை, உங்களையும்தான் கேக்கறேன். கொசுவலையைப் போடலாமா, கூடாதா?"

"போடலாம் சார்" என்றார் ஆட்சேபணை உடனே. "எழுதினவங்களைப் பத்தி நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன். தலைக்கனம் பாதிதான்."

கொசுவலை நன்றாகவே எழுதப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும்; எதிரியே வாயால் சொல்லிவிட்டார். ஒரு சொல் போதும், அவள் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது நடந்துவிடும். மேலே எந்திர அறையில் சக்கரம் கிறீச்சென்றது.

"வேணாம் சார்" என்றாள். "முதல்ல வந்த அந்தக் கூட்டுக் குடும்பத்தையே போடுங்க."

"மறுபடியும் வெக்கமா?"

"இல்ல சார். நேத்து ஒரு சொல்லோட அர்த்தத்தையே நான் தலைகீழா மாத்தினேன். ஏன் எதுக்குன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. அவங்ககிட்ட ஒரு காற்புள்ளியை மாத்தறதுன்னாகூட அம்பது பேர் ஆறு மாசம் சண்டை போடுவாங்க. அறிக்கையில அதைக் குறைன்னு எழுதி மார்க் குறைச்சேன். அது குறை இல்ல சார். உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு அதான் பாதுகாப்பு. வேகத்தைப் பாத்தேன், குறிப்பைப் பாத்தேன், பண்பைக்கூடப் பாத்தேன். எழுதினவங்களை யாரு தடுப்பாங்கன்னு மட்டும் பாக்கல."

"இது நியாயமாத்தான் படுது" என்றார் மேலாளர். "உள்ள இருக்கறதால எனக்கு இன்னும் நல்லாப் படுது."

"எனக்கு ஆட்சேபணை" என்றார் ஆட்சேபணை. "தடுக்க ஆள் இல்லைன்னு சொல்லக் கூடாது. நான் தடுத்துட்டேதான் இருந்தேன். அவங்கதான் கேக்கல."

"கேட்டுட்டேனே. அதானே பிரச்சினை."

"கேட்டதை என்கிட்ட சொல்லியிருக்கணும்!"

"உங்க பேரு பல்வலின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அதற்குள் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கத் தொடங்கியது. மேலாளரின் குரலும் கூடவே இறங்கியது.

"அப்ப அந்த முதல் லைப்ரரி எப்ப ரெடியாகும்? மேடம்? கேக்குதா?"

இருவரும் படியில் இறங்கி ஓடினார்கள், பதிலைக் குரலுக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதற்காக. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆட்சேபணை மூச்சு வாங்க நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். கொசுவலையை மூடிடாதீங்க."

"மூடல."

"வடியைத் தூக்கிடுங்க. அந்த வார்த்தையே வேணாம். வை, கொட்டுன்னு ரெண்டு போட்டா எந்த வீட்டுக்காரனுக்கும் சந்தேகம் வராது."

வை, கொட்டு. அவள் இரண்டையும் ஒருமுறை வாயில் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"பலகையில எழுதுங்க, பரிசீலிக்கறேன்" என்றாள்.

"பேர் போட்டு எழுதட்டுமா?"

"போடுங்க. நானும் போட்டுப் பதில் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு, கீழே மேலாளர் மறுபடியும் கூப்பிடும் திசைக்கு அவரைவிட வேகமாக இறங்கினாள்.